மெத்தையக்கா உட்கார்ந்த வரலாறு

எங்கள் கடையில் விற்பவை எல்லாம் உட்காரவும் படுக்கவும் ஆனவை. மூன்று மாடி முழுக்க நாற்காலி, சோபா, ஊஞ்சல், கட்டில், மெத்தை. அங்கே வேலை பார்ப்பவர்கள் மட்டும் காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு அது இறங்கும்வரை நிற்க வேண்டும். "விற்கிறவன் உட்கார்ந்தா வாங்குறவன் எழுந்து போயிடுவான்" என்பது முதலாளியின் வேதம். அதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. எல்லா வேதங்களுக்கும் இருக்கிற வசதிதான் அது.

இரண்டாம் மாடியில் மெத்தை விற்பவர் மெத்தையக்கா. நாற்பது வயதை ஒட்டியவர். அவர் விற்கும் விதமே தனி. கணவனும் மனைவியும் மாடியேறி வந்தால் விலையையோ பஞ்சையோ பேசமாட்டார். இருவரையும் ஒரு பார்வை பார்ப்பார். "குறட்டை விடறது யாரு?" என்பார். இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். சண்டை முற்றும் முன்னே தனித்தனியாக இரண்டு மெத்தைக்குச் சீட்டு எழுதிவிடுவார். தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார்: "இது கல்யாணம் மாதிரி இல்லைங்க. பிடிக்கலைன்னா ஒரு வாரத்துல திருப்பிக் கொடுக்கலாம்."

அவர் வீட்டில் மெத்தை கிடையாது. போர்வையை நான்காக மடித்துத் தரையில் படுப்பார். கேட்டால், "நாள் முழுக்க அதைத் தட்டித் தட்டிக் காட்டினது போதாதா, ராத்திரியும் அது மூஞ்சியிலயா முழிக்கணும்" என்பார்.

அவர் கணவர் தையல்காரர். நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்து இடுப்பு போனவர். ஆகவே அந்த வீட்டில் ஒரு ஒப்பந்தம். இரவு வீடு திரும்பியதும் கணவர் எழுந்து நின்று சமைப்பார், மனைவி உட்கார்ந்து குறை சொல்வார். இவ்வளவு நியாயமான குடும்பத்தை நான் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை.

நான் அந்தக் கடையில் கட்டில் பூட்டுகிறவன். வாங்கியவர் வீட்டுக்குப் பலகைகளோடு போய்த் திருகாணி முறுக்கிவிட்டு வருவேன். மற்ற நேரத்தில் படிப்பேன். யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்கிற பழக்கம் இருப்பதால் எனக்குக் கடையில் ஆதாரம் என்றே பெயர். வேன் ஓட்டுகிற மாமா, மரத்துக்கு மெருகு போடுகிற பாலிஷ் அண்ணன், மெத்தையக்கா, நான். மத்தியானம் கிடங்கில், அடுக்கி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால், நாங்கள் நால்வரும் டப்பா திறப்போம். முதலாளியின் கண்ணுக்கு எட்டாத அந்த மூலையில் மட்டும் தரையில் உட்காரலாம்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு நடிகர். நாங்கள் அவரைப் பச்சோந்தி என்போம். ஊரில் அது வசவு, எங்களிடம் அது பட்டம். ஒரு படத்தில் கிழவி, அடுத்ததில் குத்துச்சண்டைக்காரர். ஒரு படம் முழுக்கத் தபால் பெட்டிக்குள்ளிருந்து வரும் குரல். படம் ஓடுமா என்று ஒருநாளும் கவலைப்பட்டவர் இல்லை, பெரும்பாலும் ஓடியதும் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: அவர் படங்களில் ஆளுக்கு ஒன்றுதான் பிடிக்க வேண்டும், ஒருவருக்குப் பிடித்ததை இன்னொருவர் தனக்குப் பிடித்தது என்று சொல்லக் கூடாது. மனையை அளந்து பட்டா போட்டதுபோல் போட்டிருந்தோம்.

வேன் மாமாவின் படத்தில் அந்த நடிகர் ஒரு வேனின் டிரைவர், கிளீனர், பின்னால் உட்கார்ந்து வாந்தியெடுக்கிற பயணி எல்லாமாக வருவார். "வாந்தியிலயும் வித்தியாசம் காட்டியிருக்கான்யா" என்று மாமா சோற்றுக்கு நடுவில் சொல்வார். பாலிஷ் அண்ணனுடையது மனிதர்களைக் கண்டு பயந்து ஓடும் பேயின் கதை. பேய் இல்லை என்று நான் ஒவ்வொரு நாளும் எடுத்துச் சொல்வேன். "நீ இப்படிச் சொல்றதாலதானே அது நம்மைக் கண்டு ஓடுது" என்பார் அண்ணன். நான் வைத்திருந்தது, தன் பித்தலாட்டத்தைத் தானே நம்ப முடியாமல் போகிற போலிச் சாமியாரின் படம்.

மெத்தையக்காவின் படத்தை மற்ற யாரும் தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கமாட்டார்கள். அதில் பச்சோந்தி பிணம். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை படுத்திருப்பார். சுற்றி உறவினர்கள் சொத்துக்கு அடித்துக்கொள்வார்கள். அந்தப் படத்தை முதல் நாளே அரங்கில் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் தூங்காமல் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அக்கா, இன்னொருவர் பிறகு அவரைக் கட்டிக்கொண்ட தையல்காரர்.

"அப்படி என்னம்மா இருக்கு அதுல?" என்று வேன் மாமா வம்புக்கு இழுப்பார்.

"படம் பூரா படுத்துக்கிட்டே சம்பளம் வாங்கியிருக்காரு மாமா. அவரைவிடப் பெரிய ஆளு யாரு?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கால்களைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் புடைத்து முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தன. மாலையானால் செருப்பு நுழையாது. இடையிடையே உட்கார வேண்டும், முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேட்டார்.

"உட்காரணும்னா வீட்டுல உட்காரும்மா. யாரு வேண்டாங்கிறது?" என்றார் முதலாளி. பிறகு ஒருநாள் அக்கா கட்டில் ஓரத்தில் சாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கண்டால் மறுநாள் வரவேண்டாம் என்றார். நான் போய், நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது என்று விளக்கினேன். "அப்ப அந்த நாட்டுக்குப் போய்க் கட்டில் பூட்டு" என்று பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் கதவு திறந்துவிட ஒரு புது ஆள் வந்தார். ஒல்லி, நீண்ட மூக்கு, யாரிடமும் பேச்சில்லை. நிற்கும்போது கால்களை அகட்டி, எங்கோ சாய்ந்துவிடப் போகிறவர்போல் நிற்பார். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். நாலு பேர் சேர்ந்தாற்போல் நுழைந்தால், "உள்ளே போங்க, உள்ளே போங்க, நடுவுல இடம் இருக்கு" என்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வேன் மாமா டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். குரலைத் தாழ்த்தி, "அது அவருதான்" என்றார்.

"எவரு?"

"பச்சோந்தி. மூக்கைப் பாரு. காதைப் பாரு. ஒரு வேஷம் போடறதுக்கு முன்னாடி மாசக்கணக்குல அந்த வேலையைச் செஞ்சு பழகுவாருன்னு பேட்டியில சொல்லலையா? அடுத்த படம் கடையில நடக்குற கதையாம்."

"ஆதாரம் என்ன?" என்றேன்.

"எந்தக் காவலாளியாவது நடுவுல இடம் இருக்குன்னு சொல்வானா? இதெல்லாம் பாத்திரப் படைப்புடா."

பாலிஷ் அண்ணன் மெதுவாகத் தலையாட்டினார். "நானும் நினைச்சேன். நேத்து டீ கொடுத்தேன், கப்பை வாங்கினவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு. நடிகனைத் தவிர யாரு டீயை அப்படிப் பார்ப்பா?"

"ஈ விழுந்திருந்தாப் பார்ப்பாங்க" என்றேன். என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

சோற்றை உருட்டிக்கொண்டே யோசித்த மெத்தையக்கா, கடைசியில், "மாமா, இதை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா முதலாளிகிட்ட" என்றார். வேன் மாமாவிடம் ஒரு விஷயத்தைப் பரப்ப வேண்டுமானால் இதைவிட நல்ல வழி கிடையாது. மாலைக்குள் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது.

முதலாளிக்கு இளமையில் சினிமா ஆசை இருந்தது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். கதவுக்காரருக்குத் தன் கையால் டீ கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் காதில் விழும்படி, "நான் வெளியிலதான் முள்ளு, உள்ளே பலாச்சுளை" என்று தூணைப் பார்த்துச் சொன்னார். படத்தில் வரப்போகும் முதலாளி நல்லவனா கெட்டவனா என்பது இப்போது தன் நடத்தையில்தான் இருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார். நடக்கும்போதே கண்ணாடி பார்த்தார். போனில் கடன்காரனிடம் பேசியபோதுகூடக் குரலை ஏற்றி இறக்கினார்.

அந்த வாரமே, விற்பனைக்கு வைத்திருந்த மெத்தென்ற கை வைத்த நாற்காலிகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்து ஒவ்வொரு பிரிவிலும் போடச் சொன்னார். கதவுக்காரர் எதிரிலேயே அறிவித்தார்: "என் ஊழியர்கள் நிக்கிறதை என் மனசு தாங்காது."

மெத்தையக்கா உட்கார்ந்தார். ஒரு மனிதர் உட்காருவதை, கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்துவிட்டு நான் நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. ஆனால் கோபமும் வந்தது. இத்தனை வருடம் ஒரு பெண்ணின் கால் வீங்கியது இந்த ஆளுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு நடிகன் பார்க்கிறான் என்றதும் மனசு தாங்கவில்லையாம். மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வைக்க மேலே ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற புளுகு தேவைப்படுகிறது என்றால், நான் இவ்வளவு காலம் எதை எதிர்த்துப் பேசினேனோ அதுவே எங்கள் கடை வாசலில் சீருடை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

பொறுக்க முடியவில்லை. ஒருநாள் கடைத் தொலைக்காட்சியில் பச்சோந்தி ஏதோ விழாவில் மாலையோடு நிற்பதை நேரலையில் காட்டினார்கள். வேன் மாமாவையும் பாலிஷ் அண்ணனையும் இழுத்துவந்து நிறுத்தினேன். ஒரு கையால் திரையைக் காட்டினேன், மறு கையால் வாசலைக் காட்டினேன்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

வேன் மாமா கூர்ந்து பார்த்தார். "மேடையில நிக்கிறது டூப்பு."

"விழாவுக்கு டூப்பு, கதவு திறக்க அசலா?"

"அதான்டா கலைஞன்."

விட்டுவிடாமல் நேரே கதவுக்காரரிடம் போய், நீங்கள் யார் என்று கேட்டேன். "பஸ் கண்டக்டரா இருந்தேன் தம்பி. கம்பெனியை மூடிட்டாங்க. இங்க வந்துட்டேன்" என்றார். எல்லாம் விளங்கிவிட்டது: அகட்டிய கால், கையைப் பார்க்கும் கண், நடுவில் இருக்கும் இடம். வெற்றியோடு கிடங்குக்கு ஓடி வந்து சொன்னேன். பாலிஷ் அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். "கதவுக்காரனா நடிக்கிற கண்டக்டரா நடிக்கிறாரு. வேஷத்துக்குள்ள வேஷம். ஆளு எங்கயோ போயிட்டாருய்யா."

மறுத்தால் நிரூபணம், ஒப்புக்கொண்டால் இன்னும் பெரிய நிரூபணம். நம்புகிறவனிடம் ஆதாரத்தைக் கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

அன்று மெத்தையக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏன் தம்பி இப்படி அலையறே? அவர் நடிகர் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? பிணத்தோட காதையே படம் பூரா பார்த்தவ நான். இவர் காது வேற."

"அப்புறம் ஏன்க்கா பொய்யை வளர விடறீங்க?"

"நான் எங்கே பொய் சொன்னேன்? யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னுதானே சொன்னேன்."

"உண்மை வெளியே வரணும்க்கா."

"வரட்டும். வந்தா என் பங்குக்கும் நீ நில்லு. அதுவரைக்கும் நான் உட்கார்ந்திருக்கேன்."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

ஆனால் ஆபத்து நான் நினைக்காத பக்கத்திலிருந்து வந்தது. கதவுக்காரர் வேலையை விட்டுப் போவதாகச் சொன்னார். பாவம், அவரை யாரும் நிம்மதியாக இருக்க விடவில்லை. முதலாளி அவர் முன்னால் வந்து வந்து கண்கலங்கிக் காட்டினார். வேன் மாமா வாந்திக் காட்சியை அவருக்கே நடித்துக் காட்டி, சரியாக வருகிறதா என்று கேட்டார். பாலிஷ் அண்ணன் ஒவ்வொரு தடவையும் அவரைக் கண்டு பயந்து ஓடும் பேயாக மாறினார். "இங்க எல்லாருக்கும் ஏதோ கோளாறு இருக்கு" என்று கதவுக்காரர் என்னிடம் சொன்னபோது அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அவர் போனால் நாற்காலியும் போகும். மெத்தையக்கா வலியோடு இரண்டு மாடி இறங்கி வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, நீங்க அந்த நடிகர் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"அப்பாடா. ஒருத்தருக்காவது தெரிஞ்சுதே. அந்த ஆளு படம் ஒண்ணுகூட நான் பார்த்ததில்லைம்மா. படத்துக்குப் படம் மூஞ்சியை மாத்துறவனை எப்படி நம்பறது?"

"போகாதீங்கண்ணே."

"ஏன்?"

அக்கா புடவையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கதவுக்காரர் பார்த்தார். பிறகு தன் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஓடுகிற பஸ்ஸில் நின்றே கழிந்த ஆயுள் அந்தக் காலில் இருந்தது. அக்காவினுடையதைவிட மோசம். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் காலை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இருக்கணும்னா பொய் சொல்லணுமே" என்றார் கதவுக்காரர். "அது என்னால முடியாதும்மா."

"பொய்யே வேண்டாம்ணே. கேக்குறவங்க எல்லார்கிட்டயும் உண்மையையே சொல்லுங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் நம்பலையே."

அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. தங்கினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மத்தியானம் எங்களோடு சாப்பிடுவார், ஆனால் பச்சோந்தியின் படம் எதையும் பிடித்ததாகச் சொல்லமாட்டார். எங்கள் சட்டத்தில் அதற்கு இடமில்லை. இருந்தாலும் கூட்டம் போட்டு விவாதித்து, அவருக்குப் பிடிக்காத படம் என்று ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தோம். வேன் மாமாவின் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார். மாமா இரண்டு நாள் தனியாகச் சாப்பிட்டார்.

அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல முதலாளியின் நம்பிக்கை பருத்தது. அது எதனால் உடைந்தது என்று சொன்னால் என் போன்றவர்கள் வெட்கப்பட வேண்டும். எதிர்க்கடை விளக்கு வியாபாரி ஒருநாள் பேப்பரைக் கொண்டுவந்து முதலாளியிடம் காட்டினார். பச்சோந்தி ஒரு வருடமாக, அந்த விழாவுக்கு மட்டும் வந்துபோய், ஏதோ தீவில் முத்துக்குளிப்பவர்களோடு இருந்து படம் முடித்துத் திரும்பியிருந்தார். காட்டிவிட்டு விளக்கு வியாபாரி சிரித்தார். நான் தலைகீழாக நின்றும் செய்ய முடியாததை அந்தச் சிரிப்பு செய்துவிட்டது.

முதலாளி படி அதிர மேலே வந்தார். வேன் மாமா மட்டும் கடைசியாக, "முத்துக்குளிச்சது டூப்பா இருக்கலாம்ங்க" என்று சொல்லிப் பார்த்தார்.

"வாயை மூடு. எல்லா நாற்காலியும் இப்பவே திரும்ப விற்பனைக்குப் போகணும். இனிமே எவனாவது உட்கார்ந்தா வீட்டுலதான் உட்காரணும்."

நான் பேச வாயெடுத்தேன். ஆனால் மெத்தையக்கா எழுந்துவிட்டார். நானும் நான் சொல்லவந்த சட்டமும் அப்படியே நின்றோம். அவர் நாற்காலியைத் தூக்கி வெளிச்சத்தில் முதலாளி முன்னால் வைத்தார்.

"தாராளமா வைங்க. ஆனா யாராவது கேட்டா, நான் மூணு மாசம் உட்கார்ந்ததுன்னுதான் சொல்வேன்."

முதலாளி நாற்காலியைப் பார்த்தார். பிளாஸ்டிக் உறையை அக்கா முதல் நாளே கிழித்துப் போட்டிருந்தார். துணியில் டீக்கறை. கைப்பிடியில் மெருகு போய் மரம் தெரிந்தது. மெத்தையில் அக்கா உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"மெருகு போட்டுப் புதுசாக்கு" என்று பாலிஷ் அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் குனிந்தார், தட்டினார், முகர்ந்தார். கால்நூற்றாண்டுத் தொழில் கௌரவம் முழுவதையும் முகத்தில் கொண்டுவந்து, "துணி மாத்தணும், பஞ்சு மாத்தணும், காலு ஆடுது. புதுசு ஒண்ணு செய்யறது சுலபம்" என்றார். "வேன் மாமா நாற்காலி இதைவிட மோசம். பின்னால சாய்ஞ்சு சாய்ஞ்சு முதுகே விட்டுப்போச்சு."

"கிடங்குல போடு."

"கிடங்குல இடமில்லைங்க. நீங்க வாங்கின கல்லு மேசைதான் அடைச்சுக்கிட்டு இருக்கு. விற்கலையே."

முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றார். அப்போது ஒரு கணவனும் மனைவியும் மாடியேறி வந்தார்கள். கணவருக்கு மூச்சு வாங்கியது. எதிரில் கிடந்த அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகம் மலர்ந்தது. கையை வைத்துப் பார்த்தார், முதுகைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கே. என்ன விலை?"

முதலாளியின் வாய் திறந்தது. கறையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், பத்து நாளில் இதைத் திருப்பிக் கொண்டுவந்து கத்தப்போகும் அந்த மனிதரைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"இது விற்பனைக்கு இல்லைங்க" என்றார் மெத்தையக்கா. "என்னோடது."

நாங்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் மறுக்கவில்லை. வாங்குகிறவர் எதிரில் தன் வேதப்படி அவரும் உட்கார முடியாததால் கீழே இறங்கிப் போனார்.

"நீங்க மெத்தைப் பக்கம் வாங்க சார்" என்று அக்கா அந்தக் கணவரை எழுப்பி அனுப்பிவிட்டு, நாற்காலியைத் தன் இடத்துக்கு இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.